அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதற்காக அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்

மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கல்வி உதவிநிதி வழங்கிவரும் ஆலய நிர்வாகத்தார், கூட்டுறவுச் சங்கத்தார், முன்னாள் மாணவர் சங்கத்தார், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். விபத்தில் கடுமையாக அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கும் தாய் தந்தையரின் பிள்ளைகளுக்கு உங்கள் நிதியில் தனியாக ஒரு பங்கு ஒதுக்குங்கள். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகும் நாள்வரை காத்திருக்காமல், விபத்து நடந்த அடுத்த மாதமே அதைக் கொடுக்கத் தொடங்குங்கள்.

இந்த வட்டாரத்து இடைநிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தி, பிறகு மாணவர் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் விண்ணப்ப பாரங்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். நீங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து இந்த நிதிகளை நடத்துவதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால்தான் உரிமையோடு பேசுகிறேன்.

முதலில் பாரத்தையே எடுத்துக்கொள்வோம். அநேகமாக எல்லாப் பாரங்களிலும் ஒரு வரி இருக்கிறது: தந்தை உயிருடன் உள்ளார், காலமானார், இரண்டில் ஒன்றுக்குக் குறியிடுக. தந்தையை இழந்த பிள்ளைக்கு முன்னுரிமை தருகிறீர்கள். தர வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவரின் மகள் "உயிருடன் உள்ளார்" என்பதற்குத்தான் குறியிட வேண்டும். அடுத்த வரியில் தந்தையின் தொழில். லாரி ஓட்டுநர் என்று எழுதுவாள், ஏனென்றால் வேறு எதை எழுதுவது? அதற்கடுத்து மாத வருமானம். கூடவே கடந்த ஆண்டுச் சம்பளச் சீட்டு. கடந்த ஆண்டு அவர் நன்றாக இருந்தார், ஓவர்டைம் பார்த்தார், சீட்டில் நல்ல தொகை இருக்கிறது. தாளைப் பார்த்துப் புள்ளி போடுகிறவர்களுக்கு அந்த வீடு பரவாயில்லாத வீடு. பட்டியலில் அவள் கீழே போய்விடுகிறாள். இந்த வரிசையில் ஒருவரும் தப்பு செய்யவில்லை. பாரம் கேட்டதைப் பிள்ளை எழுதினாள், அவள் எழுதியதைக் குழு படித்தது. அந்த வீட்டில் இப்போது நடப்பதைக் கேட்க ஒரு வரிகூட அந்தப் பாரத்தில் இல்லை.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

நம் ஊரில் சாவு வீட்டுக்கென்று ஒரு முறை இருக்கிறது. செய்தி கேட்டதும் கூடாரம் போட ஆள் வருகிறது. தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் இருப்பவர்கள் நாற்காலி இறக்குகிறார்கள். கருமாதிவரை யார் சமைப்பது, யார் கணக்குப் பார்ப்பது என்பது பேசாமலே முடிவாகிறது. தோட்டத்தில் லயத்து வீடுகளில் இருந்த காலத்திலிருந்து வரும் பழக்கம் இது; தோட்டம் போன பிறகும் தாமானுக்குக் கூடவே வந்துவிட்டது. அடிபட்டவர் வீட்டுக்கு அப்படி ஒரு முறை நம்மிடம் உருவாகவில்லை. முதல் வாரம் வார்டில் கூட்டம் நிற்கும். மைலோ டின், ஆரஞ்சுப் பழம், கையில் திணிக்கும் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வருகிறவர்கள் குறைவார்கள். மூன்றாம் மாதம் அந்தக் குடும்பம் தனியாக இருக்கும். நம் மக்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. எப்போது முடியும் என்று தெரியாத துன்பத்துக்கு எப்படித் துணை நிற்பது என்பது நமக்குப் பழக்கமில்லை.

அந்த மூன்றாம் மாதத்தில்தான் பிள்ளையின் படிப்பு ஆட்டம் காண்கிறது.

அப்பாவின் சம்பளம் நின்றுவிட்டது. அவரைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, படுக்கைப் புண் வராமல் திருப்பிப்போட ஒருவர் வேண்டும், ஆகவே அம்மாவும் வேலையை விடுகிறார். ஒரே விபத்தில் இரண்டு வருமானமும் போகிறது. செலவோ கூடுகிறது. பம்பர்ஸ், கட்டுப்போடும் துணி, சக்கர நாற்காலி, ஈப்போ மருத்துவமனைக்கு ஒவ்வொரு தவணைக்கும் வண்டி வாடகை. நம் அரசு மருத்துவமனைகளில் குடிமக்கள் கட்டும் கட்டணம் சொற்பம்தான். போய்வரும் செலவுதான் வீட்டை அரிக்கிறது.

மூத்த பிள்ளை, பெரும்பாலும் மூத்த மகள், வீட்டின் பெரிய மனுஷி ஆகிவிடுகிறாள். டாக்டர் மலாயில் சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறாள். பாரங்களைப் படிக்கிறாள். தம்பியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். பிசியோ நாள் செவ்வாய் என்றால் செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கு வரமாட்டாள். இரண்டாம் மாதம் அவள் பெயருக்கு நேரே பொந்தேங், அதாவது பள்ளிக்கு மட்டம் போட்டவள், என்று எழுதப்படுகிறது, எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்குப் போகிறது. அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் அவள்தான். பையனாக இருந்தால் வேறு கதை: பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை போட உதவுகிறான், வார இறுதியில் கார் கழுவப் போகிறான், பிறகு வார நாளிலும் போகிறான். கையில் காசு வரத் தொடங்கியபின் அவனைத் திரும்ப வகுப்பில் உட்காரவைப்பது மிகக் கடினம். வீட்டில் அரிசி வாங்கும் மகனைப் பார்த்து எந்த அம்மா "வேலைக்குப் போகாதே" என்று சொல்வார்?

இது நடக்கும் வயது பதினைந்து, பதினாறு, பதினேழு. நான்காம் படிவம், ஐந்தாம் படிவம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் மற்றப் பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் சான்றிதழ் கிடையாது. வகுப்பை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு முதலில் சரிவது வரலாறுதான். அது மனப்பாடமும் தொடர் வாசிப்பும் கேட்கும் பாடம். நம் கல்வி நிதிகளில் பெரும்பாலானவை எஸ்.பி.எம். முடிவுக்குப் பிறகோ, பல்கலைக்கழக இடம் கிடைத்த பிறகோதான் கதவைத் திறக்கின்றன. நான் சொல்லும் பிள்ளைகளில் பலர் அந்தக் கதவுவரை வருவதே இல்லை. "விண்ணப்பமே வரவில்லை, அதனால் தேவை இல்லை" என்று உங்கள் குழுக்களில் ஒருவர் சொன்னபோது எனக்கு மனம் வலித்தது. விண்ணப்பிக்க வேண்டிய பையன் அப்போது ஓர் உணவகத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொக்சோ இருக்கிறதே, அரசாங்கம் கொடுக்கிறதே" என்ற பதில் எனக்குத் தெரியும். சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோ 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் தொடங்கியது. அதனால் நம் மக்கள் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள், அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. வேலையிடத்தில் அடிபட்டு எம்.சி.யில், அதாவது மருத்துவ விடுப்பில், இருக்கும்போது தினக்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக உதவியாகக் கிடைக்கும். உடல் முழுவதும் நிரந்தரமாகச் செயலிழந்தால் 90 விழுக்காடு. எப்போதும் கூடவே ஆள் வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு மாதம் 500 வெள்ளி பராமரிப்புப் படி. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் அடங்கும். மோட்டாரில் ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் நம் ஆட்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் வேலையிட விபத்துக்கான உரிமை தொழிலாளியைவிட்டுப் போவதில்லை. கான்டிராக்ட் வேலைக்காரர்களுக்கு இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து பாருங்கள். தொழிலாளி இறந்துவிட்டால், அவரைச் சார்ந்த பிள்ளைக்கு ஒரு பங்கு உண்டு. பொதுவாக 21 வயதுவரை. உயர்கல்வியில் இருந்தால் முதல் பட்டம் முடிக்கும்வரை நீளும். அந்தப் பிள்ளையைச் சட்டம் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறது. தொழிலாளி உயிரோடிருந்தால் பணம் அவருடைய கூலியையும் அவர் உடல் இழந்த விழுக்காட்டையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. அவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் படிவத்தில் படிக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. இழப்பு 20 விழுக்காட்டுக்கு மேற்படாது என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துவிடலாம். செம்பனை அறுவடைக்காரர் ஒருவருக்குக் கைவிரல்கள் போனால் தாளில் அது சிறிய விழுக்காடு. அந்தக் கையால் அவர் இனி நீளக் கம்பில் கட்டிய அரிவாளைப் பிடித்து, இருபது கிலோ குலையை வெட்டி இறக்க முடியுமா? அவருடைய தொழில் முழுவதும் போய்விட்டது.

பெர்கேசோ உயர்கல்விக்கு உதவுகிறது என்பதும் உண்மை. அது கல்விக் கடன். ஏற்கெனவே கடனில் இருக்கும் வீட்டுப் பிள்ளை பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க உயர்கல்விக் கடனைப் பார்த்தே பயப்படுகிறாள். இன்னொரு கடன் அவளைத் தேற்றாது. ஐந்தாம் படிவத்துக்குப் பஸ் காசு இல்லாத பிள்ளைக்கு உயர்கல்விக் கடன் இருக்கிறது என்ற செய்தியால் என்ன பயன்?

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் காலம். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். தெரிவித்தாரா என்று அடிபட்டவரின் மனைவி எப்படித் தெரிந்துகொள்வார்? பிறகு சிகிச்சை, எம்.சி., மருத்துவ அறிக்கை, வாரியத்தின் முன் அழைப்பு, தேவைப்பட்டால் மேல்முறையீடு. இந்த நடைமுறைகளுக்குக் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் எஸ்.பி.எம். தேதி அவற்றுக்காக நகராது. வேலைக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில் சாலையில் அடிபட்டவருக்கோ, எதிர்வாகனத்தின் காப்புறுதியிடம் வழக்காடிப் பணம் பெற ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஊழியர் சேமநிதியிலிருந்து உடற்குறைக்காக மீட்கும் பணத்தையும், அதோடு தரப்படும் 5,000 வெள்ளி உதவியையும் நம்பி வீட்டுக் கடனைத் தள்ளிப்போடுகிறார்கள். வந்ததும் அது கடன்காரர்களுக்கே போகிறது.

2023ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் மோட்டாரில் போனவர்கள். செய்தியில் இந்த எண் வருகிறது. கால் இழந்து, நினைவு தடுமாறி, பேச்சு குழறி வீடு திரும்பியவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. நம் ஊரில் ஒவ்வொரு தாமானிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. உங்களுக்கும் ஒரு வீடு இப்போது நினைவுக்கு வந்திருக்கும்.

அம்மாமார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களை நாம் முற்றிலும் மறந்துவிடுகிறோம். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, கொதிக்கும் எண்ணெய் கொட்டி வெந்தாலோ, பாரத்தில் எழுத "வருமான இழப்பு" என்று எதுவும் இல்லை. இல்லத்தரசி, வருமானம் பூச்சியம். ஆனால் அன்றிலிருந்து சமையல், துணி, தம்பி தங்கை, பாட்டியின் மருந்து எல்லாம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பதினாறு வயது மகளின் தலையில். இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா, 55 வயதுக்கு உட்பட்ட எந்த இல்லத்தரசியும் சேரலாம். நம் ஊரில் கோயிலுக்கு வரும் அம்மாமார்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்? நவராத்திரியில் ஒரு மேசை போட்டு, பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் போதுமே. உதவிநிதி கொடுப்பதற்கு முந்திய வேலை இது, ஆனால் ஆலயங்களைவிட இதைச் செய்யப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை.

அடையாள ஆவணங்கள் சரியாக இல்லாத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் குளறுபடி, தாய் வெளிநாட்டவர், பெற்றோரின் திருமணம் பதியப்படவில்லை, இப்படிப் பல காரணங்கள். அரசாங்க உதவிகளில் பெரும்பாலானவை அவர்களுக்குக் கிடைக்காது. நம் நிதியும் அடையாள அட்டை நகலைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால், அவர்கள் போக வேறு இடம் கிடையாது. பள்ளி முதல்வரின் கடிதம் ஒன்றே போதும் என்று விதி வையுங்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து பேசிவிட வேண்டும். குழுக் கூட்டங்களில் இப்படிப் பேச்சு வருவதைக் கேட்டிருக்கிறேன்: "அவன் குடித்துவிட்டு மோட்டார் ஓட்டினான், விழுந்தான். அதற்கு நாம் எப்படிப் பொறுப்பு?" குடியால் நம் சமூகம் பட்டிருக்கும் பாட்டை நான் வகுப்பறையிலேயே பார்த்தவள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்தை அப்பாவோடு நிறுத்திக்கொள்வோம். குடிகார அப்பாவின் மகன் விபத்துக்கு முன்பே ஒரு முறை நொந்தவன். அடிபட்ட அப்பாவுக்கு மூத்திரப் பை மாற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் அவனிடம், உன் அப்பாவின் இரத்தத்தில் மது இருந்தது, ஆகவே உனக்கு டியூஷன் பணம் இல்லை என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? விபத்தில் யார் மேல் தவறு என்று தீர்மானிக்கப் போலீசும் நீதிமன்றமும் இருக்கின்றன. உதவிநிதிக் குழு அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, எப்படிச் செய்வது? என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் அனுபவத்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக இதை நடத்த வேண்டாம். ஆண்டுக்கு நீங்கள் ஒதுக்கும் கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியைப் பொதுவில் போடுங்கள். ஒரே குழு, ஒரே பாரம். பாரத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, இப்போது வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை எந்தப் படிவத்தில் இருக்கிறது. சான்றாக மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாள், அல்லது நீண்ட எம்.சி. நகல். பழைய சம்பளச் சீட்டு வேண்டாம். பழைய தேர்வுப் புள்ளி வேண்டவே வேண்டாம். விபத்து நடந்த பள்ளித் தவணையில் எந்தப் பிள்ளையின் புள்ளியும் விழுந்துதான் இருக்கும், அதைப் பார்த்து அவளை எடைபோடுவது அநியாயம்.

பிள்ளை விண்ணப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது மிக முக்கியம். பள்ளி ஆலோசக ஆசிரியருக்குத்தான் முதலில் தெரியவரும், சில நேரம் பள்ளி பஸ் ஓட்டுநருக்கு அதற்கும் முன்பே தெரியும். அவர்கள் ஒரு போன் அடித்தால் குழுவில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரட்டும். இரண்டு வாரத்துக்குள் முடிவு. மாதாமாதம் ஒரு தொகை, சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை: பஸ், டியூஷன், சாப்பாடு, இணைய டேட்டா. ஐந்நூறு வெள்ளியை ஒரே நாளில் கொடுத்தால் அது மின்சாரக் கட்டணமாகிவிடும், அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அதையே பத்து மாதம் ஐம்பது ஐம்பதாக பஸ்காரரிடமும் டியூஷன் ஆசிரியரிடமும் நேராகக் கட்டினால், அந்தப் பிள்ளை பத்து மாதமும் பள்ளியில் இருக்கும். எஸ்.பி.எம்., அதற்குப் பின் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். முடியும்வரை தொடருங்கள். அதன் பிறகு பல்கலைக்கழகப் பதிவு நாளில் கட்டவேண்டிய பணத்துக்கு ஒரு முறை கைகொடுங்கள். அந்த நாளில்தான் கடனும் உதவிச் சம்பளமும் இன்னும் கைக்கு வந்திருக்காது.

பெர்கேசோ பணம் பின்னால் வந்தாலும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

பணத்தோடு ஓர் ஆளையும் கொடுங்கள். பெர்கேசோ அலுவலகத்துக்கும் சமூக நல இலாகாவுக்கும் கூட வந்து, ஓ.கே.யு. (உடற்குறையுள்ளோர்) அட்டைக்கு விண்ணப்பிக்க உதவி, மருத்துவ அறிக்கைக்கு அலைந்து, முதலாளியிடம் போனில் பேசும் ஒருவர். உங்கள் சங்கங்களில் ஓய்வுபெற்ற கிராணிமார்கள், அரசாங்க ஊழியர்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் பாரம் நிரப்பியவர்கள் அவர்கள். அவர்கள் அலுவலகம் போய்வரும் நாளில் ஒரு பதினாறு வயதுப் பெண் வகுப்பில் இருக்கலாம். பணத்தைவிட இதுதான் பெரிய உதவி என்று சொல்லும் அளவுக்கு இதை நான் நம்புகிறேன்.

மேடை வேண்டாம். பெரிய அட்டைக் காசோலை வேண்டாம். சிறந்த தேர்ச்சிக்காகப் பரிசு வாங்கும் பிள்ளையை மேடையேற்றுங்கள், ஊரே கைதட்டட்டும். அப்பாவின் உடைந்த உடலுக்காகப் பணம் வாங்கும் பிள்ளையை மேடையில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் அவள் வீட்டு நிலைமையைச் சொல்லாதீர்கள். அப்படி அழைக்கப்பட்ட ஒரு மாணவி அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க மறுத்துவிட்டாள். "டீச்சர், அப்பா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்" என்று மட்டும் சொன்னாள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் எண்ணிக்கையைக் காட்டுங்கள், பெயரைக் காட்டாதீர்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இதே சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து நம் சமூகத்தின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நாளில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டச் சொன்னார். அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது வலிக்கும் பணம். அதைக் கட்டினார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தொழிலாளிகளின் சில்லறையில் ஒரு தோட்டத்தையே வாங்கிய மக்களின் பிள்ளைகள் நாம். ஒரு தாமானில் நூறு வீடு, வீட்டுக்கு மாதம் ஐந்து வெள்ளி என்று வைத்தாலே பல பிள்ளைகளுக்கு பஸ்ஸும் டியூஷனும் ஆகிவிடும். சுற்று வட்டாரத்தில் இருக்கும் தோட்ட நிர்வாகங்களிடமும் செம்பனை ஆலைகளிடமும் தொழிற்சாலைகளிடமும் கேளுங்கள். அவர்களுக்காக உழைத்த உடல்கள் இவை.

நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் சேவை மையங்களுக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். பெர்கேசோவின் கல்வி உதவி ஐந்தாம் படிவப் பிள்ளைவரை இறங்கி வர வேண்டும், அது கடனாக இல்லாமல் உதவியாக இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேச வேண்டியவர்கள் அவர்கள். அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை காத்திருக்க நம் வீட்டுப் பிள்ளைகளின் வயது இடம் கொடுக்காது.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். பொதுக் குழு அமைக்க இரண்டு சங்கங்கள் முன்வந்தாலே தொடங்கிவிடலாம், மற்றவர்கள் பிறகு சேரட்டும். பாரத்தை எழுதித் தரவும், பள்ளி ஆலோசக ஆசிரியர்களிடம் பேசவும், முதல் வீடுகளுக்கு உங்களோடு வரவும் நான் இருக்கிறேன். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது நான்காம் படிவத்துக்கும் ஐந்தாம் படிவத்துக்கும் போகும் பிள்ளைகளில் யார் யார் வீட்டில் இந்த நிலை என்று ஒரு பட்டியலைப் பள்ளிகளிடமிருந்து டிசம்பருக்குள் கேட்டு வாங்குவோம். அதை என்னிடம் விடுங்கள். முதல் மாதப் பணத்துக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இடைநிலைப் பள்ளி ஆசிரியை
சுங்கை சிப்புட், பேராக்